தளம் போடுமுன் ஒரு கொக்கி: புதுமனை கட்டுவோருக்குத் திறந்த மடல்



சுவர்கள் எழும்பி, சென்ட்ரிங் பலகை அடித்து முடிந்து, அதன்மேல் கம்பி கட்டும் வேலை இன்றோ நாளையோ தொடங்கும் தறுவாயில் நிற்கிற உங்களுக்கு, சிமெண்டு விலையும் மழைக்குறியும் வங்கிக் கடனின் அடுத்த தவணையுமாக ஆயிரம் கவலைகள் இருக்கும் வேளையில், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கப்போகிற ஒரு விளக்கைப் பற்றி நான் மடல் வரைவது அகாலத்தில் செய்யும் காரியமாகத் தோன்றக்கூடும். அந்த விளக்கைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடத் தகுந்த காலம் வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். விளக்கைக் கிருகப்பிரவேசத்துக்கு முந்திய வாரம் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுப்பீர்கள். ஆனால் அது தொங்கும் இடம், நீங்கள் அறிந்தோ அறியாமலோ, இந்த வாரத்திலேயே நிச்சயமாகிவிடுகிறது. பலகைக்கு மேலே, கம்பிகளின் இடுக்கில், எலெக்ட்ரீஷியன் வைத்துக் கட்டுகிற இரும்புப் பெட்டியும், அதிலிருந்து சுவரை நோக்கி ஓடும் பிவிசி பைப்பும் எங்கே அமைகின்றனவோ, அங்கேதான் அந்த வீடு இருக்கும் காலமெல்லாம் உங்கள் விளக்கு தொங்கும். கான்கிரீட் விழுந்து இறுகிய பிறகு இடம் மாற்ற நினைப்பவர் கூரையைக் குடைய வேண்டும். இல்லையேல் வயரை வெளியே ஓட்டிக் கூரையின் லட்சணத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் எலெக்ட்ரீஷியன்களின் தொழில் திறமையில் எனக்குக் குறை ஏதும் இல்லை. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாதபோது அவர்கள் சம்பிரதாயத்தைப் பின்பற்றுகிறார்கள், வேறென்ன செய்வார்கள்? அறையின் மூலைக்கு மூலை நூல் பிடித்து, இரண்டு நூல்களும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியில் ஒரு ஃபேன் பாக்ஸ். எதிரெதிர்ச் சுவர்களில் டியூப்லைட்டுக்கு ஒவ்வொரு பாயிண்ட். ஹாலில் மட்டும் ‘ஃபேன்சி லைட்’ என்ற பெயரில் எங்காவது இன்னொரு பாயிண்ட். இதுவே அந்தச் சம்பிரதாயம். நம்முடைய சீதோஷ்ணத்தில் அறையின் மத்திய ஸ்தானத்தைக் காற்றாடிக்குக் கொடுத்தது முழுக்க நியாயமே. குளிர்நாட்டு வீடுகளின் படங்களில், கூரையின் நடுவே வேறெதுவும் இல்லாமல் ஒரு பெரிய விளக்கு கம்பீரமாகத் தொங்குவதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அந்தக் கூரையில் காற்றாடி இல்லை என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். பிறகு அதே மாதிரி விளக்கை வாங்கி வந்து, காற்றாடிக்கு மூன்றடி தள்ளித் தொங்கவிட்டு, ஏன் அழகாக இல்லை என்று வியக்கிறார்கள்.

சாதாரணக் காற்றாடியின் இறக்கை வீச்சு 1,200 மி.மீ., அதாவது சுமார் 48 அங்குலம். நடுவிலிருந்து எத்திசையிலும் 2 அடி தூரம் அதன் ஆட்சிக்கு உட்பட்டது. விளக்கு அந்த இறக்கைகளுக்கு மேலே கூரையையொட்டி இருந்தால், சுழலும் இறக்கைகள் ஒளியை நறுக்கி நறுக்கித் தரையிலும் சுவரிலும் நிழலாக வீசி, கீழே உட்கார்ந்து படிக்கிறவர் தலையைக் கிறுகிறுக்கச் செய்யும். பக்கத்தில் மெல்லிய வயரில் தொங்கினால் காற்று அதை ஓயாமல் ஆட்டும். ஆடுகிற விளக்கின் கீழே தட்டும் டம்ளரும் சாப்பிடுபவரின் கையும் போடும் நிழல்கள் எல்லாம் சேர்ந்து ஆடும். ஆகையால், காற்றாடியும் தொங்கு விளக்கும் ஒரே அறையில் வாழ வேண்டுமானால், இரண்டின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே குறைந்தது 4 அடியாவது இருக்கட்டும். விளக்கு வயரில் தொங்குவதைவிட விறைப்பான குழாயில் தொங்குவதாகவோ, அல்லது காற்றுக்கு அசையாத கனமுடையதாகவோ அமையட்டும். ஹாலில் இதற்கெல்லாம் இடம் காண்பது துர்லபம். என்னைக் கேட்டால், ஹாலைக் காற்றாடிக்கே விட்டுவிட்டு, உங்கள் வீட்டின் ஒரே விசேஷ விளக்கை மனிதர்கள் முகத்துக்கு முகம் பார்த்து உட்காரும் இடத்துக்கு, அதாவது சாப்பாட்டு மேசைக்கு மேலே, கொண்டு போங்கள் என்பேன்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது: மேசை எங்கே இருக்கப்போகிறது? வரைபடத்தில் இஞ்சினீயர் மேசையை அறையின் நடுவில் வரைந்து, அதைச் சுற்றி ஆறு நாற்காலிகளையும் போட்டுக் காட்டியிருப்பார். வாழ்க்கையில் நடப்பது வேறு. நம் வீடுகளில் மேசையின் ஒரு பக்கம் நாளடைவில் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சமையலறைக்கும் பூஜை அறைக்கும் போய்வர வழி வேண்டியிருக்கிறது. விசேஷ நாட்களில் பந்திப்பாய் விரிக்கத் தரை வேண்டியிருக்கிறது. ஊறுகாய் ஜாடியும் மாத்திரை டப்பாவும் தண்ணீர் ஜாடியும் சுவரோரம் சாய்ந்து நிற்க இடம் வேண்டியிருக்கிறது. மேசை நகர்ந்துவிட, விளக்கு மட்டும் அறையின் நடுவே, நடப்பவர் தலையில் இடிக்கும்படி, அநாதையாகத் தொங்குகிறது. ஆகவே இஞ்சினீயரின் படத்தை ஒதுக்கிவிட்டு, இப்போது நீங்கள் வசிக்கும் வீட்டில் மேசை எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். புது வீட்டிலும் அது அநேகமாக அப்படியேதான் கிடக்கும். சென்ட்ரிங் பலகை அடித்திருக்கும்போதே, கீழே முட்டுக்கட்டைகளுக்கு நடுவில், தரையில் சாக்கட்டியால் மேசையின் நீள அகலத்தை வரைந்து, அந்தச் செவ்வகத்தின் மையத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு நூலை மேலே பிடித்துப் பார்த்தால், பெட்டி வைக்க வேண்டிய புள்ளி கிடைத்துவிடும். கொத்தனார் நூலைப் பிடித்துத் தருவார்; ஐந்து நிமிஷ வேலை. அந்தப் புள்ளி காற்றாடியோடு மோதுமானால் நகர வேண்டியது காற்றாடி. அதை அறையின் மறுபாதிக்குத் தள்ளலாம். அல்லது சாப்பாட்டு இடத்துக்குச் சுவர்க் காற்றாடியே போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒளியைத் தாழ்த்தி வைப்பது நமக்குப் புதிதன்று. மின்சாரம் வருவதற்கு முன்னே ஒளி விலையுயர்ந்த பண்டமாக இருந்தது. முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஒரு திருநந்தா விளக்கு அணையாமல் எரிய நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டுமென்றும், அந்த நெய்க்காக 96 ஆடுகளை இடையர் வசம் ஒப்புவிக்க வேண்டுமென்றும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சுடருக்கு ஓர் ஆட்டு மந்தை என்ற அந்தக் கணக்கில் வாழ்ந்தவர்கள், ஒளியைக் கூரைக்கும் காலிச் சுவருக்கும் இறைக்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள். சங்கிலியில் தொங்கிய விளக்கும் திரியைத் தூண்டவும் எண்ணெய் வார்க்கவும் கைக்கு எட்டுகிற உயரத்திலேயே தொங்கிற்று. எனவே சுடரும் முகத்துக்கு அருகிலேயே இருந்தது. பின்னர் மண்ணெண்ணெய் விளக்கு வந்தது. அதற்கும் கை வேண்டியிருந்தது. மின்சார பல்புக்குத்தான் கை வேண்டியதில்லை, சுவரில் ஒரு சுவிட்சு போதும். அந்தச் சௌகரியத்தைப் பிடித்துக்கொண்டு ஒளி கூரைவரை ஏறிப் போய்விட்டது. அறை முழுவதும் வெளிச்சமாயிற்று, ஆனால் எந்த ஓர் இடமும் விசேஷமாக ஒளி பெறவில்லை.

இந்த நஷ்டத்தை நன்றாக உணர்ந்து, அதற்குப் பரிகாரம் தேடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் டென்மார்க்கில் இருந்தார். 1894-இல் பிறந்து 1967-இல் மறைந்த பால் ஹென்னிங்ஸன் என்ற அந்தக் கட்டடக் கலைஞர், மண்ணெண்ணெய் விளக்கின் மிருதுவான ஒளியில் வளர்ந்தவர். மின்சார பல்பின் கூச்சம் வீடுகளுக்குள் புகுந்தபோது, பல்பு கண்ணுக்கே தெரியாமல் அதன் ஒளி மாத்திரம் வெளிப்பட வழி என்ன என்று அவர் ஆராய்ந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மூடிகளை அடுக்கி, ஒவ்வொரு மூடியின் வளைவையும் கணிதப் பிரமாணத்தின்படி வகுத்து, ஒளி நேரே கண்ணில் பாயாமல் மூடிகளின் மேல் பட்டுச் சிதறிக் கீழே இறங்கும்படி 1926-இல் ஒரு தொங்கு விளக்கை அமைத்தார். 1958-இல் அவர் வகுத்த பிஹெச் 5 என்ற விளக்கு, 50 செ.மீ. அகலமுள்ள மூடியோடு, சாப்பாட்டு மேசைக்கு மேலே தாழத் தொங்குவதற்கென்றே உண்டானது. பல்பு செய்யும் கம்பெனிகள் பல்பின் உருவத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தமையால், எந்த உருவத்துப் பல்பை மாட்டினாலும் அது வெளியே தெரியாதபடி அதைச் செய்தார். அதே வருஷம் கோபன்ஹேகன் துறைமுகத்து லாங்கலினி உணவு விடுதிக்காக, 72 தகடுகளை 12 வரிசையாக அடுக்கி, கூனைப்பூ மொட்டின் இதழ்கள் போன்ற தோற்றத்தில் அவர் செய்த பெரிய விளக்கையும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உள்ளிருக்கும் பல்பு தென்படாது.

அந்த விளக்குகளை நீங்கள் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் விலையில் உங்கள் வீட்டுக்குக் கதவு ஜன்னல் எல்லாம் வாங்கிவிடலாம். அவர் கற்றுக்கொடுத்த ஒரு பரீக்ஷையை மாத்திரம் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கடைகளில் விளக்குகளைத் தலைக்கு மேலே வெகு உயரத்தில், நூறு விளக்குகளுக்கு நடுவே ஏற்றி வைத்திருப்பார்கள். நாமும் அண்ணாந்து பார்த்து, நகைக்கடையில் நிற்பவரைப் போல் மயங்கிவிடுவோம். உங்களுக்குப் பிடித்ததைக் கீழே இறக்கி எரியவிடச் சொல்லி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, விளக்கின் விளிம்பு உங்கள் கண்மட்டத்துக்கு ஓரடி மேலே இருக்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது பல்பு நேரே கண்ணில் குத்துமானால், அது எத்தனை அழகான விளக்கானாலும் சாப்பாட்டு மேசைக்கு உதவாது. மூடியே இல்லாமல், உள்ளே இழை தெரியும் கண்ணாடி பல்பை வெறுமனே தொங்கவிடும் பழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. காப்பிக் கடைக்கு அது பொருந்தலாம். வீட்டில், தினமும் எதிரெதிரே உட்கார்ந்து உண்கிறவர்களின் கண்ணுக்கு, அதைப் போன்ற உபத்திரவம் வேறில்லை.

இனி உயரத்தையும் அளவையும் சொல்லுகிறேன். மேசைப் பலகையிலிருந்து விளக்கின் அடி விளிம்புவரை 30 முதல் 36 அங்குலம் என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. கூரை உயர உயர விளக்கையும் சற்று உயர்த்தலாம் என்பார்கள். நான் தாழ்வையே விரும்புகிறேன். மூடியின் விட்டம் மேசையின் அகலத்தில் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் இருப்பது நன்று. 3 அடி அகல மேசைக்கு 18 முதல் 24 அங்குல விளக்கு. நீண்ட மேசையானால் ஒரே பெரிய விளக்கைவிட ஒரே வரிசையில் இரண்டு சிறிய விளக்குகள் ஒளியைச் சீராகப் பரப்பும். அப்படியானால் பெட்டியும் இரண்டு. இந்த எண்களை நம்பி நின்றுவிடாமல், இப்போதுள்ள வீட்டிலேயே, அந்த அளவுள்ள ஒரு மூங்கில் கூடையைக் கயிற்றில் கட்டி மேசைக்கு மேலே தொங்கவிட்டு, இரண்டு வேளை அதன் கீழே சாப்பிட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவரின் முகத்தைக் கூடை மறைக்கிறதா, குழம்பு ஊற்ற எழுந்து குனிகிறவர் நெற்றியில் இடிக்கிறதா, வீட்டிலேயே உயரமானவர் நாற்காலியை விட்டு எழும்போது என்ன ஆகிறது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக அந்தக் கூடை சொல்லிவிடும்.

இதையொட்டி வயரின் நீளத்தையும் யோசிக்க வேண்டும். தரையிலிருந்து 10 அடி உயரத்தில் கூரை. மேசை 30 அங்குலம். அதற்கு மேல் 33 அங்குலத்தில் விளக்கின் விளிம்பு என்றால், கூரையிலிருந்து விளிம்புவரை 57 அங்குலம் இறங்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஹேங்கிங் லைட்டுகளில் பலவற்றுக்கு ஒரு மீட்டர், அதாவது 39 அங்குல வயர்தான் வருகிறது. மூடியின் உயரம் சேர்ந்தும் எட்டாத அந்த விளக்குகளை அப்படியே மாட்டிவிடுவதால்தான், நம் வீடுகளில் எத்தனையோ தொங்கு விளக்குகள் கூரைக்கும் மேசைக்கும் நடுவே, இரண்டுக்கும் உபயோகமில்லாமல், அந்தரத்தில் நிற்கின்றன. வாங்கும்போதே நீள வயரோடு கேட்டு வாங்குங்கள். நடுவில் ஒட்டுப் போட்டு டேப் சுற்ற இடங்கொடாதீர்கள்.

என்ன பொருளால் ஆன விளக்கு என்ற விஷயத்தில், அழகைவிட நம் ஊர்ப் பூச்சிகளையும் தூசியையும் முதலில் கலந்தாலோசிக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழை ஓய்ந்த அந்திகளில் ஈசல் புறப்படும் நாட்டில், மேல்பக்கம் திறந்த கிண்ணம் போன்ற கண்ணாடி விளக்கைத் தொங்கவிட்டால், ஒரே வாரத்தில் அதன் அடியில் இறகும் உடலுமாக ஒரு கறுப்பு வட்டம் படிந்துவிடும். ஒளி எரியும்போது அது வெகு ஸ்பஷ்டமாகத் தெரியும். பல்லியும் அதைத் தேடி வரும். மேலே மூடி, கீழே திறந்திருக்கும் மணி வடிவமே நமக்கு உகந்தது. ஈசல் சுடரைச் சுற்றிவிட்டுத் தட்டில் விழுமே என்பீர்களானால், அந்த அரைமணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு வாசல் விளக்கை எரியவிடும் பழைய உபாயம் இன்றும் பலிக்கிறது.

பொருள்களில் காகிதமும் ஒன்று. 1951-இல் ஜப்பானின் கிஃபூ நகரத்துக்குப் போன சிற்பி இஸாமு நொகூச்சி, அங்கே மூங்கில் விலாக்களின் மேல் முசுக்கட்டைப் பட்டைக் காகிதத்தை ஒட்டிச் செய்யும் பழைய கூண்டு விளக்குகளைக் கண்டு, அந்தத் தொழிலையே மின்விளக்குக்குப் பழக்கி, அகாரி என்ற பெயரில் பல உருவங்களை ஆக்கினார். காகிதத்தின் ஊடாக வரும் அந்த ஒளியின் சௌந்தரியத்துக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் நம் கடற்கரைப் பட்டினங்களின் ஈரக்காற்றிலும், காற்றாடியின் ஓயாத வீச்சிலும், அடுக்களைத் தாளிப்பின் புகையிலும் காகிதம் எத்தனை நாள் தாங்கும் என்பது கேள்வி. அவர் செய்த காரியத்தின் உட்பொருளை நாம் எடுத்துக்கொள்ளலாம்: அந்த ஊரில் வழிவழியாக இருந்த கைத்தொழிலை அவர் மின்விளக்குக்கு அழைத்து வந்தார். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பனையோலையில் அத்தனை நேர்த்தியாகப் பெட்டி முடைகிறவர்கள் இருக்கிறார்கள். பத்தமடையில் பட்டைப் போல் மடியும் கோரைப்பாய் நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பித்தளைப் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு காகிதத்தில் அளவு குறித்துக்கொண்டு போய், மணி வடிவில் ஒரு மூடி வேண்டும், உச்சியில் ஹோல்டர் நுழையத் துவாரம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெட்டி முடைகிற கைக்கு மணி உருவம் பெரிய காரியமன்று. ஓலைப் பின்னலின் இடுக்குகளின் வழியே சுவரில் விழும் நிழற்கோலத்துக்காகவே அதைக் கேட்டு வாங்கலாம். ஓலைக்குள் பழைய சூட்டு பல்பு கூடவே கூடாது, எல்இடி மாத்திரமே. பித்தளையானால், உப்புக்காற்று ஊரில் சீக்கிரம் கறுக்கும். புளி போட்டுத் தேய்க்கக் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். எதுவானாலும் மாதம் ஒருமுறை ஸ்டூலில் ஏறித் துடைக்கக் கைக்கு எட்ட வேண்டும். மாடிப்படி வெளியில் இரண்டு மாடி உயரத்துக்குத் தொங்கும் விளக்குகளை நான் ஆதரிக்காததற்கு இதுவே காரணம். சாரம் கட்டாமல் துடைக்க முடியாத விளக்கு, மூன்றாம் வருஷத்தில் தூசியைத்தான் பிரகாசிக்கச் செய்யும்.

பாரத்தைப் பற்றி அஜாக்கிரதையாக இருத்தல் கூடாது. குவாலியர் மகாராஜா ஜயாஜிராவ் சிந்தியா 1874-இல் கட்டிய ஜய் விலாஸ் அரண்மனையின் தர்பார் மண்டபத்தில், ஒவ்வொன்றும் சுமார் 3.5 டன் எடையுள்ள இரண்டு சரவிளக்குகள் தொங்குகின்றன. அவற்றை மாட்டுவதற்கு முன்னே, கூரை தாங்குமா என்று அறிய அதன்மேல் யானைகளை ஏற்றிப் பார்த்தார்கள் என்பது இன்றளவும் வழங்கும் செய்தி. நமக்கு யானை வேண்டாம், ஃபேன் பாக்ஸ் போதும். 12 மி.மீ. கம்பியை வளைத்துத் தளத்துக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டிய பெட்டி, சுழன்று அதிரும் காற்றாடியையே வருஷக்கணக்கில் தாங்குகிறது. அசையாமல் தொங்கும் விளக்கை அது அலட்சியமாகத் தாங்கும். எனவே விளக்குக்கென்று வெறும் ஜங்ஷன் பாக்ஸ் வைக்க முனைபவரிடம், அந்த இடத்திலும் கம்பியுள்ள ஃபேன் பாக்ஸையே வைக்கும்படி வற்புறுத்துங்கள். வித்தியாசம் அற்பத் தொகை. பிற்காலத்தில் ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போடுவீர்களானால், விளக்கின் எடை ஒருபோதும் அந்தப் போர்டின்மேல் இறங்கலாகாது. போர்டில் துளையிட்டு, அதற்கு மேலே உள்ள கொக்கியிலிருந்தே விளக்கு இறங்க வேண்டும். கனமான கண்ணாடியையோ பித்தளையையோ வயரைக்கொண்டு தொங்கவிடுவதும் அபாயம்: பாரம் சங்கிலிக்கு அல்லது எஃகுக் கயிற்றுக்கு, மின்சாரம் வயருக்கு என்று வேலை பிரிந்திருக்கட்டும். உலோக விளக்குக்குப் பச்சை நிற எர்த் வயர் அவசியம். நம் வீடுகளில் லைட் பாயிண்டுகளுக்கு இரண்டு வயர் மாத்திரம் இழுத்துவிட்டுப் போகும் வழக்கம் இருப்பதால், மூன்றாவது வயரை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இந்த ஒரு பாயிண்டை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கச் சொல்வதும் நல்ல யோசனை. அதன் சுவிட்சு, வாசலருகே இருபது சுவிட்சுகளின் கூட்டத்தில் ஒளிந்திராமல், மேசையிலிருந்து எழுந்து இரண்டு எட்டில் தொடும்படி அமையட்டும்.

பல்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய 60 வாட் பல்பு தந்த சுமார் 800 லூமன் ஒளியை இன்று 8 முதல் 10 வாட்டுக்குள் எல்இடி தந்துவிடுகிறது. நான்கைந்து பேர் மேசைக்கு அது போதும். நிறத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். நம்மவர்களுக்கு 6,500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு பிரியம் உண்டு. பளிச்சென்று இருந்தால்தான் வீடு சுத்தமாகத் தெரிகிறது என்பார்கள். அரிசியில் கல் பொறுக்கவும், ஊசியில் நூல் கோக்கவும் அந்த வெளிச்சம் வேண்டியதுதான். அதற்குச் சுவரில் டியூப்லைட் இருக்கட்டும், அதை அப்புறப்படுத்தச் சொல்ல நான் யார்? சாப்பாட்டு விளக்குக்கு மாத்திரம் 2,700 முதல் 3,000 கெல்வினுக்குள், அட்டையில் சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட பல்பாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான வெள்ளைப் பல்பின் கீழே சாம்பாரின் மஞ்சளும் மிளகாய் வற்றலின் சிவப்பும் சாம்பல் பூத்து, புதிதாக இறக்கிய ரசமும் ஆறிப்போனதாகத் தோன்றுகிறது. உண்ணும் மனிதர்களின் முகமும் நோயாளிகள் முகம்போல் வெளிறுகிறது. நல்ல பல்பை மாட்டிய அன்றைக்கே, சமையலில் எதையும் மாற்றாமலே, இந்த வித்தியாசத்தைக் காண்பீர்கள். மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் எல்இடியை அடைத்தால் சூடு வெளியேறாமல் பல்பின் ஆயுள் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தளம் ஏற்கெனவே போட்டு முடித்தவர்கள் வருந்த வேண்டியதில்லை. கூரையில் வேண்டிய இடத்தில் ஹேமர் டிரில்லால் துளையிட்டு ஆங்கர் போல்ட் இறக்கிக் கொக்கி மாட்டி, பழைய பாயிண்டிலிருந்து வயரைச் சற்றுத் தொய்வாக, மாலைபோல் வளைத்துக் கொண்டுவந்து தொங்கவிடலாம். நேர்த்தியாகச் செய்தால் அதுவே ஓர் அலங்காரம். வாடகை வீட்டில் கூரையைத் தொட அனுமதியில்லாதவர்களுக்கு, இத்தாலியில் காஸ்திலியோனி சகோதரர்கள் 1962-இல் செய்த ஆர்க்கோ விளக்கு வழிகாட்டும்: சுமார் 65 கிலோ சலவைக்கல் அடிப்பீடத்திலிருந்து வளைந்தெழும் எஃகுத் தண்டு, தரையில் நின்றபடியே விளக்கை மேசைக்கு மேலே நீட்டுகிறது, கல்லில் ஒரு துவாரம் விட்டு, துடைப்பக் கழியை நுழைத்து இருவர் தூக்கி நகர்த்தவும் அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அந்தத் தத்துவத்தில் இங்கேயே இரும்புப் பட்டறையில் ஒன்று செய்துகொள்ளத் தடையில்லை. அடிப்பாரத்தை மாத்திரம் குறைத்துவிடாதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் அது சாய்ந்துவிடும்.

மற்றவர்களுக்கு, அதாவது இன்னும் தளம் போடாத உங்களுக்கு, ஒரு விண்ணப்பம். கம்பி கட்டி முடிந்த அன்று மாலை, மறுநாள் விடியற்காலையில் மிக்ஸர் மெஷினும் ஆட்களும் வந்து இறங்குவதற்கு முன்னே, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறித் தளத்துக்குப் போங்கள். விளக்குக்கான பெட்டி, இரண்டு சுவர்களிலிருந்தும் நீங்கள் குறித்த தூரத்தில் இருக்கிறதா என்று அளவெடுங்கள். ஆட்கள் மிதித்து நகர்ந்திருந்தால் கட்டுக்கம்பியால் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பெட்டியின் வாய் பலகையோடு ஒட்டி இருக்கிறதா, கான்கிரீட் பால் உள்ளே இறங்காதபடி காகிதமோ தெர்மக்கோலோ அடைத்திருக்கிறதா, பைப் வளையும் இடங்களில் நசுங்காமல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அளவுகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, கையோடு ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்காரர் வந்து, எங்கே துளையிடுவது என்று கேட்கும் நாளில் அது கைகொடுக்கும்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விழையும் நண்பன்